மஞ்சள் இறங்கியது, வைரஸ் போகவில்லை

"மஞ்சள்தான் இறங்கிடுச்சே மேடம், இன்னும் எதுக்கு மாத்திரை?"

வைரஸ் ஆய்வுக்கூடத்தில் கழித்த இத்தனை வருடங்களில் இந்தக் கேள்வி எத்தனையோ முறை என் முன்னால் வந்து நின்றிருக்கிறது. அதைக் கேட்டவர்களில் ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் அவரைப் பற்றிச் சொல்கிறேன். வயது 34, லாரி ஓட்டுநர். ரத்ததான முகாமில் ரத்தம் கொடுக்கப் போனபோதுதான் தனக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ்) இருப்பது அவருக்குத் தெரிந்தது. ஒரு வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, 'கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வந்த அன்றே, யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஐந்து மாதம் கழித்துக் கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கி, மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். மஞ்சள் இறங்கியதும் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து கேட்டதுதான் மேலே இருக்கும் கேள்வி.

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. நம் ஊரில் மஞ்சள் காமாலை என்றால் வரும், பத்தியம் இருந்தால் போய்விடும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை எங்கிருந்தோ வந்ததில்லை. தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவுகிற ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே உடம்பை விட்டுப் போய்விடும். 1955-56இல் டெல்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தது. காரணம் ஈ வைரஸ் என்பது, சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு சோதித்தபோதுதான் தெரிந்தது. இந்த வகைக் காமாலைக்கு எதைக் கொடுத்தாலும் கொடுத்ததற்குப் பெயர் கிடைத்துவிடும். இதில் பெரிய விதிவிலக்கு கர்ப்பிணிகள். கடைசி மூன்று மாதத்தில் ஈ வந்தால் நூற்றில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும். அவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு மஞ்சள் இறங்கட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

பி அப்படிப்பட்டதில்லை. அது உள்ளே இருந்தும் மஞ்சளே வராமல் இருபது, முப்பது வருடம் ஓடிவிடலாம். அதற்குள் கல்லீரல் சுருங்கிப்போயிருக்கலாம், புற்றுநோய்கூட வந்திருக்கலாம்.

அவருடைய அம்மா அடுத்துக் கேட்டதும் எதிர்பார்த்ததுதான். "டாக்டரம்மா, கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுத்தா ஆகாதா?"

இதைச் சிரித்துத் தள்ளக் கூடாது, ஏனென்றால் இந்தக் கேள்வியை முறையாகச் சோதித்துப் பார்த்ததே சென்னையில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஹெபடைடிஸ் பி ஆராய்ச்சி செய்துவந்த எஸ்.பி. தியாகராஜன், இந்த வைரஸைக் கண்டுபிடித்த பரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து 1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாள்பட்ட பி தொற்று இருந்த 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்றுப்பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. 2011இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் மதிப்பாய்வும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. தியாகராஜன் குழுவின் வேலையை நான் இன்றும் மதிக்கிறேன். நம் வீட்டு மருந்தை வெற்றுப்பொடியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் துணிந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த ஒரு கட்டுரையை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

பிளம்பர்க்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் வைரஸைத் தேடிப் போனவரே இல்லை. மனிதர்களின் ரத்தப் புரதங்கள் பரம்பரையாக எப்படி வேறுபடுகின்றன என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடம்பில், தங்களிடம் இல்லாத புரதங்களுக்கு எதிராக ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) உருவாகியிருக்கும். அதை வைத்து உலகின் பல பகுதி மக்களின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். 1960களின் முதல் பாதியில், ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளி ஒருவரின் ரத்தம் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் ரத்தத்தோடு வினைபுரிந்து ஒரு கோடு காட்டியது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார்கள். அதுவும் பரம்பரைப் பண்பு என்றுதான் முதலில் நினைத்தார்கள். பரம்பரைப் பண்பு என்றால் பிறவியிலேயே இருக்க வேண்டும், நடுவில் வரக் கூடாது. ஆனால் முதலில் நெகடிவாக இருந்த ஒருவருக்குப் பிறகு பாசிடிவாக வந்தது, கூடவே கல்லீரல் அழற்சியும் இருந்தது. அங்கேதான் விஷயம் பிடிபட்டது. இன்று நம் ரிப்போர்ட்டில் எச்பிஎஸ்ஏஜி என்று இருப்பது அதே ஆன்டிஜென்தான், அதாவது வைரஸின் மேலுறைப் புரதம். 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28தான் உலகக் கல்லீரல் அழற்சி நாள்.

இனி, மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது என்பதற்கு வருகிறேன். என் வேலையின் பெரும்பகுதி இந்த வைரஸின் மரபணுவைப் படிப்பதுதான். மொத்தமே சுமார் 3,200 எழுத்து. நமக்கு 300 கோடி. இவ்வளவு சின்ன ஏட்டில் தனக்கு வேண்டியதையெல்லாம் எழுதிக்கொள்ள, ஒரே வரியை இரண்டு விதமாகப் படிக்கும்படி அமைத்துக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூட இலக்கணத்தில் பொதுமொழி என்று படித்திருப்போமே, அதுபோல. பலகை என்று சேர்த்துப் படித்தால் மரத்துண்டு, பல கை என்று பிரித்தால் நிறையக் கைகள். மேலுறைப் புரதத்துக்கான வரிகள் முழுவதும், நகலெடுக்கும் நொதிக்கான வரிகளுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. நொதியைத்தான் மாத்திரை தடுக்கிறது. மருந்திலிருந்து தப்பிக்க வைரஸ் அங்கே ஓர் எழுத்தை மாற்றினால், சில சமயம் மேலுறையும் சேர்ந்து மாறிவிடும். லாமிவுடின் என்ற பழைய மாத்திரையை மட்டும் கொடுத்துவந்த காலத்தில் ஐந்து வருடத்தில் நூற்றில் சுமார் 70 பேருக்கு மருந்து எதிர்ப்பு வந்தது. இப்போதைய டெனோஃபோவிரில் அது மிக அரிது. அதனால் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் ஏதோ ஒன்றை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

எழுத்து மாற்றம் ரிப்போர்ட்டைப் படிக்கும்போதும் குழப்பும். வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் விடும் இன்னொரு புரதம் இ ஆன்டிஜென். 'இ ஆன்டிஜென் நெகடிவ்' என்று பார்த்ததும் வைரஸ் அடங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. இந்தியாவில் அதிகம் காணப்படும், பி வைரஸின் டி மரபணு வகையில், பல சமயம் ஓர் எழுத்து மாறியதாலேயே அந்த ஆன்டிஜென் உற்பத்தி நின்றுபோகிறது. வைரஸ் பாட்டுக்குப் பெருகிக்கொண்டே இருக்கும். வைரல் லோடும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடியும் பார்க்காமல் அந்த ஒரு நெகடிவை நம்ப முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறு. இந்த வைரஸ் தன் மரபணுவை ஒரு வளையமாக்கி, கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. அதுதான் மூலப்படி. மாத்திரை புது நகல்கள் உருவாகாமல் தடுக்கும், அவ்வளவுதான். மூலப்படியை அதனால் தொட முடியாது. ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்றால் நகல் வெளியே வரவில்லை என்று மட்டுமே அர்த்தம். தடை விலகியதும் மறுபடி நகல் எடுக்கத் தொடங்கிவிடும். அந்த லாரி ஓட்டுநருக்கு நடந்தது இதுதான். ஹெபடைடிஸ் சி-க்கு இப்படி உட்கருவுக்குள் ஒளிந்துகொள்ளும் வழக்கம் கிடையாது. அதனால்தான் 8 முதல் 12 வார மாத்திரையில் நூற்றுக்கு 95க்கு மேற்பட்டவர்கள் அதிலிருந்து முழுதாகக் குணமாகிறார்கள். பி-யையும் சி-யையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்திவிட்டாரே என்று தானும் நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் ஒரு காகிதத்தில் வளையம் வரைந்து அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "வீட்டுல யாருக்காவது ஒட்டியிருக்குமா மேடம்?" என்றார்.

சேர்ந்து சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால் இது ஒட்டாது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் தட்டைத் தனியாக வைத்த வீடுகளையும் கல்யாணத்தை நிறுத்திய குடும்பங்களையும் பார்த்துவிட்டேன். ரத்தம், உடலுறவு, பிரசவம், இவைதான் வழி. உடம்புக்கு வெளியே சிந்திய ரத்தத்தில்கூட வைரஸ் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். அதனால் சவர பிளேடும் பச்சை குத்தும் ஊசியும் பொதுவாக இருக்கக் கூடாது.

வீட்டில் எல்லோரையும் சோதித்தோம். அம்மாவுக்கும் பாசிடிவ். அவருக்கு இதுவரை மஞ்சளே வந்ததில்லை. மகனுக்குப் பிறக்கும்போதே போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிரசவத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஆயுளுக்கும் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அப்படி ஆகிறது. "நானா என் பிள்ளைக்குக் குடுத்தேன்?" என்று அந்த அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அவர் பிள்ளை பெற்ற காலத்தில், பிறந்ததும் போடும் பி தடுப்பூசி நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் கிடையாது என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

லாரி ஓட்டுநரின் தங்கைக்கும் பாசிடிவ். அப்போது அவர் ஏழாவது மாதம். வைரல் லோடு அதிகமாக இருந்ததால் 28ஆவது வாரத்தில் டெனோஃபோவிர் தொடங்கினார்கள். குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (தயாராக இருக்கும் ஆன்டிபாடி ஊசி). அப்புறம் 6, 10, 14ஆவது வாரத்தில் வழக்கமான ஐந்து நோய் தடுப்பூசி, அதிலேயே பி-யும் சேர்ந்திருக்கிறது. தாய்க்குப் பரிசோதனையே செய்யவில்லை என்றாலும், முதல் ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். குழந்தை சின்னதாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் விடாமல் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பெரியவர்களுக்கான பரிசோதனைக்கும் மாத்திரைக்கும்கூடக் காசு கிடையாது.

குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும், அதன் ரத்தத்தைச் சோதிக்க மாமன்தான் தூக்கிக்கொண்டு வந்தார். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறேன் என்று தானாகவே சொன்னார். மறுநாள் குழந்தையின் ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். எச்பிஎஸ்ஏஜி நெகடிவ். ஆன்டிபாடி, பாதுகாப்புக்குத் தேவையான 10 என்ற அளவைத் தாண்டி நூற்றுக்கணக்கில் இருந்தது.