பதினோரு பேர், ஒரே மீட்டர்

மே, ஜூன் இரண்டு மாதத்துக்கு எங்கள் மதுரை வீட்டுக்கு வந்த கரண்ட் பில் 6,702 ரூபாய். 984 யூனிட். பெரியப்பா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றபடியே காரணங்களை அடுக்கினார். பிள்ளைகள் ராத்திரி முழுக்க சார்ஜில் போடும் செல்போன்கள், வாரத்துக்கு மூன்று தடவை ஓடும் கிரைண்டர், யாரும் பார்க்காமல் ஓடும் டிவி. அம்மாவுக்கு மீட்டர் மேலேயே சந்தேகம். "இது வேகமா ஓடுதுடா. யாரையாவது கூப்பிட்டுக் காட்டு" என்றார்.

வீட்டில் பதினோரு பேர் இருக்கிறோம். அப்பத்தா, பெரியப்பா வீட்டில் மூவர், எங்கள் பக்கம் மூவர், மாடியில் சித்தப்பா குடும்பம் நால்வர். சமையல் எல்லாருக்கும் கீழே ஒரே இடத்தில்தான். ஒரு சனிக்கிழமை காலையில் நோட்டும் பேனாவுமாக மீட்டர் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். சித்தப்பா மகள் நிலா, ஏழாம் வகுப்பு, செல்போன் ஸ்டாப்வாட்சோடு உதவிக்கு வந்தாள்.

மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். எங்கள் மீட்டரில் அதன் பக்கத்தில் 3200 என்று அச்சடித்திருக்கிறது. விளக்கு 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். இந்த எண் மீட்டருக்கு மீட்டர் மாறும், அதனால் உங்கள் வீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு மணி நேரத்தில் 3600 விநாடி. அப்படியானால் 1000 வாட் ஓடும்போது ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததுக்கும் நடுவே 1.125 விநாடி இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் போதும்: 1125-ஐ இடைவெளி விநாடியால் வகுத்தால், அந்த நிமிஷத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்பது வந்துவிடும். காசு கொடுத்து எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

முதலில் அம்மாவின் சந்தேகத்தைத் தீர்த்தோம். மெயினை அணைத்தோம். மினுக்கல் நின்றது. மெயின் அணைந்த பிறகும் விளக்கு மினுக்கினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே எங்கோ கரண்ட் போகிறது, அல்லது மீட்டரில் கோளாறு. இரண்டில் எதுவானாலும் உடனே ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். அப்புறம் மெயினைப் போட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் சூடேறவிட்டோம். இருபது மினுக்கலுக்கு 22.5 விநாடி ஆக வேண்டும். நிலாவின் கடிகாரம் 23 காட்டியது. மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது.

அடுத்த சோதனைதான் எனக்கே ஆச்சரியம் கொடுத்தது. ஃபிரிட்ஜ் பிளக்கையும் கழற்றிவிட்டு, சுவிட்ச் எல்லாம் அணைத்த பிறகும் 37 விநாடிக்கு ஒரு தடவை விளக்கு மினுக்கியது. அதாவது 30 வாட். தேடிப் போனால் வைஃபை ரூட்டர், ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவியும் செட்டாப் பாக்ஸும், அப்புறம் இன்வர்ட்டர். பேட்டரி நிறைந்த பிறகும் அதை நிறைந்த நிலையிலேயே வைத்திருக்க இன்வர்ட்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருக்கும். பேட்டரி பழசாக ஆக இந்தத் தீனி கூடும். 30 வாட் என்பது சின்னதுதான், ஆனால் அது 24 மணி நேரமும் ஓடுகிறது. 60 நாளில் 43 யூனிட்.

பெரியப்பா சொன்னவற்றையும் கணக்குப் பார்த்தோம். ஒரு செல்போன் பேட்டரியை முழுசாக நிரப்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு போதும். எட்டு போன் தினமும் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட். கிரைண்டர் 150 வாட், ஒரு தடவைக்கு நாற்பது நிமிஷம்; மொத்தமே 3 யூனிட்டுக்குள். டிவி 21. இதெல்லாம் சேர்ந்தாலும் 984-இல் ஒரு மூலை.

ஒரு சாமான் எத்தனை வாட் என்பதை மட்டும் பார்த்துப் பயப்படுகிறோம். மிக்ஸி 500 வாட் என்று அதட்டுகிறது, ஆனால் கால் மணி நேரத்தில் வாயை மூடிக்கொள்கிறது. எத்தனை மணி நேரம் என்பதும் கணக்கில் பாதி. அந்தப் பாதியில்தான் ஃபேன் வருகிறது.

ஒரு ஃபேனை மட்டும் ஓடவிட்டு மற்றதை எல்லாம் நிறுத்தினோம். 15 விநாடிக்கு ஒரு மினுக்கல், அதாவது 75 வாட். எங்கள் வீட்டில் ஆறு ஃபேன். மதுரை வெயிலில் ஒவ்வொன்றும் சராசரியாக 13 மணி நேரம் ஓடுகிறது. ஆறையும் பெருக்கிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 5.85 யூனிட், இரண்டு மாதத்துக்கு 351. பில்லில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஃபேன் மட்டும்! யாரும் ஃபேனைத் திட்டுவதே இல்லை. அது சாதுவாகச் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

75 வாட்டில் காற்றைத் தள்ளுவதற்குப் போவது சிறு பங்கே. சாதாரண ஃபேனுக்குள் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். அதில் நிற்கும் பகுதியின் கம்பிச் சுருள், சுற்றும் பகுதியில் ஒரு மின்னோட்டத்தைத் தூண்டி, அதன் மூலமாக அதைக் காந்தமாக்கி இழுக்கிறது. அப்படித் தூண்டப்பட்ட மின்னோட்டம் உலோகத்தைச் சுடவைக்கிறது, சுருளும் சூடாகிறது. ரொம்ப நேரம் ஓடிய ஃபேனின் நடுக்குடத்தைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தச் சூட்டுக்கும் நாம் காசு கொடுக்கிறோம், அது அறையையும் சூடாக்குகிறது. பிஎல்டிசி என்று இப்போது கடையில் விற்கும் புது வகை ஃபேனில் சுற்றும் பகுதியே நிரந்தரக் காந்தம். அதை மின்சாரத்தால் காந்தமாக்க வேண்டியதில்லை. ஒரு சின்ன மின்னணுத் தகடு எந்தச் சுருளுக்கு எப்போது கரண்ட் விட வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறது. அதே காற்றுக்கு 30 வாட் போதும்.

இன்னொன்றும் உண்டு. காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியாகக் கூடும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் சக்தி பாதியாகிவிடும். ஆனால் கூடத்தில் இன்னும் இருக்கும் அந்தக் காலத்துப் பெட்டி ரெகுலேட்டர், வேகத்தைக் குறைக்கும்போது மிச்சமாக வேண்டியதில் பெரும்பங்கைத் தனக்குள்ளேயே சூடாக எரித்துவிடுகிறது. அதனால்தான் அந்தப் பெட்டி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறது.

ஏசிக்கு வருவோம். மாடியில் ஒன்றரை டன் பழைய ஏசி. ராத்திரி 11 மணியிலிருந்து 4 மணி வரை, ஒரு இரவுக்கு 5 யூனிட் சுமாராக. 60 இரவுக்கு 300. ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. அதனால் ஒரு யூனிட் செலவழித்து மூன்று யூனிட் அளவுக்கு வெப்பத்தை அதனால் நகர்த்த முடிகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பங்கு நாம் நினைக்காத இடத்திலிருந்து வருகிறது: காற்றில் இருக்கும் ஈரம். ஏசிக் குழாயில் சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்துப் பாருங்கள். ஆவியாக இருந்த ஒரு லிட்டரைத் தண்ணீராக மாற்ற, அதிலிருந்து ஏறக்குறைய 0.7 யூனிட் வெப்பத்தை உறிஞ்ச வேண்டும். மூன்றால் வகுத்தால், வாளியில் விழும் ஒவ்வொரு லிட்டருக்கும் மீட்டரில் கிட்டத்தட்ட கால் யூனிட். எங்கள் வாளியில் ஒரு இரவுக்கு நாலு லிட்டர் சேர்ந்தது. ஜன்னல் சட்டத்தில் விரலிடை அளவு சந்து இருந்தது. வெளியே இருந்த ஈரக்காற்று அதன் வழியாக ராத்திரி முழுக்க உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஆனால் அந்த அறையில் படுப்பது ஆறு பேர் என்பதையும் சொல்ல வேண்டும். தூங்கும் ஒரு ஆள் 70 வாட் அளவுக்கு வெப்பம் விடுகிறார். ஆறு பேருக்கு 400 வாட் என்று வைத்துக்கொண்டால், அதை வெளியேற்ற ஏசிக்குக் கூடுதலாக 130 வாட் போல ஆகும். ஐந்து மணி நேரத்துக்கு முக்கால் யூனிட்கூட இல்லை. ஆறு பேர் சேர்ந்து படுப்பதால் கூடும் செலவு இவ்வளவே. ஆளுக்குக் கணக்கிட்டால் ஒரு இரவுக்கு 0.8 யூனிட்.

ஃபிரிட்ஜில் ஒரு நாளைக்கு 2.4 யூனிட் போனது, அதன் வயசுக்கே அதிகம். கதவு விளிம்பில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தோம். கீழ் மூலையில் நோட்டு சிரமமே இல்லாமல் வந்துவிட்டது. ரப்பர் தளர்ந்திருக்கிறது. ஏசி வாளியின் கதையே இங்கேயும்: சந்து வழியாக வரும் ஈரம் உள்ளே பனிக்கட்டியாக உறைகிறது, உறையும்போது விடும் வெப்பத்தை கம்ப்ரஸர் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. போர்வெல் மோட்டாருக்கு நாளுக்கு 1.2 யூனிட், பதினோரு பேர் புழங்கும் தண்ணீருக்கு அது நியாயம்தான். கீசர் மே மாதத்தில் யாரும் போடவில்லை. மார்கழியில் அதன் கணக்கு வேறு: ஒரு வாளித் தண்ணீரை வெந்நீராக்க கால் யூனிட் பக்கம் ஆகும், அதை யாரும் பகிர்ந்துகொள்ள முடியாது.

ஃபேன் 351, ஏசி 300, ஃபிரிட்ஜ் 144, மோட்டார் 72, மற்ற எல்லாம் சேர்ந்து 117. கூட்டினால் 984.

சரி, யூனிட் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. 6,702 ரூபாய் எப்படி வந்தது என்பது இன்னும் பாக்கி. எதிர்வீட்டில் இருவர் மட்டும். அவர்களுக்கு அதே காலத்தில் 420 யூனிட், பில் 1,301 ரூபாய். தலைக்கு அவர்கள் 210 யூனிட், நாங்கள் 89. ஒரு ஆளுக்கு அவர்கள் செலவழிப்பதில் பாதிகூட நாங்கள் செலவழிக்கவில்லை. ஆனால் ஒரு யூனிட்டுக்கு அவர்கள் கொடுப்பது 3 ரூபாய் 10 காசு, நாங்கள் கொடுப்பது 6 ரூபாய் 81 காசு.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்து, இந்த பில் போட்டபோது நடப்பில் இருந்த வீட்டுக் கட்டணத்தின்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501-ஐத் தொட்டால் 2.35 என்ற சலுகை விலை போய்விடும், 101-லிருந்தே 4.70 கணக்கு. அந்த ஒரே யூனிட்டுக்காக பில் 243 ரூபாய் ஏறும். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55.

அதிகம் செலவழிப்பவர் அதிக விலை கொடுக்கட்டும் என்ற எண்ணத்தில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. எளிய வீட்டில் ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் ஓட அது வழிசெய்கிறது. ஆனால் இந்தப் படிக்கட்டு மீட்டரை எண்ணுகிறது, ஆட்களை எண்ணுவதில்லை. ஒரு ஃபிரிட்ஜ், ஒரு டிவி, ஒரு ஏசி அறை என்று பகிர்ந்து வாழும் வீட்டை, தனி ஒருவர் மாளிகையில் செலவழிப்பதைப் போலவே அது பார்க்கிறது. தென் கொரியாவிலும் இதே மாதிரி ஏறிக்கொண்டே போகும் கட்டணம் உண்டு. 2016 இறுதியில் அதை ஆறு படியிலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள குடும்பத்துக்கும், மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கும் அங்கே 30 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது, மாதத்துக்கு 16,000 வோன் என்ற வரம்போடு. இங்கேயும் ரேஷன் கார்டில் எத்தனை பேர் என்று எழுதித்தானே இருக்கிறது?

மாடிக்குத் தனி இணைப்பு வாங்கலாம் என்று சித்தப்பா சொன்னார். அதே 984 யூனிட் இரண்டு மீட்டரில் சரிபாதியாக விழுந்தால் இரண்டு பில்லும் சேர்ந்து 3,510 ரூபாய்க்குள் வரும். ஆனால் அதற்கு மாடி தனிக் குடித்தனமாக இருக்க வேண்டும், வயரிங் பிரிய வேண்டும், தனிச் சமையலறை வேண்டும். அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "கரண்டுக்காக அடுப்பைப் பிரிக்கிறதா? நான் இருக்கிற வரைக்கும் அது வேண்டாம்ப்பா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதனால் மேலிருந்து கழிக்கத் தொடங்கினோம். பில்லில் குறையும் யூனிட் எப்போதும் கடைசிப் படியிலிருந்துதான் போகும். எங்கள் விஷயத்தில் அது 10.50 ரூபாய் யூனிட். அதிக நேரம் ஓடும் நாலு ஃபேனை பிஎல்டிசியாக மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 140 யூனிட், அதாவது 1,470 ரூபாய் குறையும். வெயில் இல்லாத மாதங்களில் ஃபேன் குறைவாக ஓடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஃபேன் வாங்கப் போன 11,200 ரூபாய் ஒன்றரை வருஷம் பக்கம் திரும்பி வந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் இதையே செய்தால் அவருக்குக் குறைவது மலிவு யூனிட், போட்ட பணம் திரும்ப இன்னும் நாள் ஆகும். ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை மாற்றினோம். ஜன்னல் சந்தை அடைத்தோம். டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் வைத்தோம், ராத்திரி கடைசியாகப் படுப்பவர் அதை அணைக்க வேண்டும்.

நிலா இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு மீட்டர் எண்ணைச் சுவரில் மாட்டிய காலண்டரில் எழுதுகிறாள். முன்பு நாளுக்கு 16.4 யூனிட் ஓடிய வீடு. நேற்றைய கட்டத்தில் 13.2 என்று எழுதியிருக்கிறாள், இன்றைக்கு 12.9.