அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்கட்டும்

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பயிரிடும் விவசாயி ஒருவர், விடுதியில் தங்கி பிளஸ் 2 படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு எங்கள் பிசியோதெரபி நிலையத்துக்கு வந்தார். பிள்ளைக்கு மூன்று மாதமாகக் கழுத்துவலி, இடுப்புவலி. தைலம் தேய்த்தாயிற்று, வலி மாத்திரையும் போட்டாயிற்று. "இடுப்புக்கு ஒரு பெல்ட் எழுதிக் கொடுங்கள் மேடம், பரீட்சை முடியும்வரை ஓட்டிவிடலாம்" என்றார்.

முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொடச் சொன்னேன். அந்தப் பெண்ணின் விரல்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டன. தொடையின் பின்புறத் தசை முறுக்கிய கயிறு போல விறைத்திருந்தது. பக்கத்தில் நின்ற அப்பாவையும் குனியச் சொன்னேன். ஐம்பதைத் தாண்டியவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். இரண்டு உள்ளங்கைகளும் தரையில் பதிந்தன. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளம் வயதில் முதுகு விறைப்பு என்று யார் வந்தாலும் எங்கள் பகுதியில் முதலில் குடிநீரைப் பற்றித்தான் கேட்போம். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அதைக் குடித்தால் பல்லில் கறை படிவதோடு நிற்காது, மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். இந்தப் பெண்ணின் பல்லில் கறை இல்லை. வீட்டிலும் விடுதியிலும் ஒகேனக்கல் தண்ணீர்தான். அடுத்ததாக, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பாய், கண்ணு?" என்று கேட்டேன்.

விரல்விட்டு எண்ணினாள். விடியற்காலை 5 மணிக்கு ஸ்டடி. 9 மணியிலிருந்து 4.30 வரை வகுப்பு. பிறகு ஒரு மணி நேரம் தேர்வு. இரவு 7 முதல் 10 வரை மறுபடியும் ஸ்டடி. கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வந்தது. விளையாட்டு வகுப்பையும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டார்களாம்.

"நடுவில் எழுந்து நிற்க மாட்டாயா?"

"நின்றால், ஏதோ தப்புச் செய்து நிற்க வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள் மேடம்."

அவள் சொன்னதில் பொய்யில்லை. வீட்டுப் பாடம் எழுதாதவன் நிற்பான், தூங்கி வழிந்தவள் நிற்பாள், பேசியவன் பெஞ்சு மேல் ஏறி நிற்பான். நல்ல பிள்ளை என்றால் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிப் பழக்கிவிட்டு, வலி வந்த பிறகு பெல்ட் கேட்டு வருகிறோம்.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கை ஊரில் ஜவ்வு என்பார்கள். வளர்ந்தவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக் குழாய் ஓடுவதில்லை. நாம் அசையும்போது அது அழுந்துகிறது, தளர்கிறது. அப்படித்தான் சுற்றிலும் இருந்து ஊட்டத்தை இழுத்துக்கொள்கிறது. புத்தகத்தின் மேல் கவிழ்ந்து உட்காரும்போது, நிற்பதைவிட அதிக அழுத்தம் அதன் மேல் விழுகிறது. மணிக்கணக்கில் விலகுவதும் இல்லை. சுமார் ஐந்து கிலோ எடையுள்ள தலையை முன்னால் தொங்கவிட்டால் பின்கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும். சாப்பிட்ட சர்க்கரையை உறிஞ்சிக்கொள்வதும் பெருமளவு அசையும் தசைதான். மதியச் சோற்றுக்குப் பிறகு வரும் மந்தத்துக்குப் பிள்ளையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

1953ஆம் ஆண்டில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அது பெரியவர்களைப் பற்றிய ஆய்வு. பிள்ளைகளுக்கு, 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு விளையாட்டோ உடற்பயிற்சியோ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உட்கார்ந்தே இருக்கும் நேரத்தைக் குறைக்கவும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. விளையாட்டு நேரத்தைப் பிடுங்கக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. ஆனால் மாலை ஒரு மணி நேரம் ஓடினாலும் காலையிலிருந்து அசையாமல் இருந்த கழுத்துக்கு அது போதாது. நடுநடுவே அசைய வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இரண்டு நிமிட வேலை. பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் இருக்கும் இடமே போதும். எழுந்து நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது இருபது முறை. இரண்டு கைகளையும் இடுப்பின் பின்னால் வைத்து, மார்பை நிமிர்த்திப் பின்னால் மெல்ல வளைவது ஐந்து முறை. தோள்களைப் பின்பக்கமாகச் சுழற்றுவது பத்து முறை. கையை ஊன்றாமல் பெஞ்சில் உட்கார்ந்து எழுவது பத்து முறை. இடமிருந்தால் கடைசியாகச் சொன்னதற்குப் பதிலாகத் தோப்புக்கரணம் போடலாம். பிள்ளையாருக்கு முன்னால் பக்தியோடு போடுகிறோம். வகுப்பில் மட்டும் அதைத் தண்டனையாக்கி வைத்திருக்கிறோம். அதைவிட எளிய தொடைப் பயிற்சியை நான் எங்கே தேடுவது? நிற்கும்போதே ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி என்றால் கோட்டை மலை இருக்கிறது. நம் ஊர்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குன்று தெரியும். கிட்டத்து எழுத்தையே பார்த்துக் களைத்த கண்ணுக்கு அது ஓய்வு.

பெண் பிள்ளைகள் பலர் கழிப்பறைக்குப் போகத் தயங்கித் தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் குடித்தால் தாமாகவே எழுந்து நடப்பார்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று பெற்றோர் விடுதியில் கேட்டே ஆக வேண்டும்.

பாடம் நின்றுபோகும் என்று ஆசிரியர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஒரு வாய்பாட்டையோ ஒரு செய்யுளையோ வகுப்பு முழுவதையும் எழுந்து நின்று சொல்ல வையுங்கள். பாடமும் நடக்கும், காலும் அசையும்.

எல்லா வலியும் உட்காருவதால் வருவதல்ல. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, கால் மரத்துப்போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

அன்று பெல்ட் எழுதிக் கொடுக்கவில்லை. நிலையத்தின் சீட்டில் வார்டனுக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: "இந்த மாணவி படிக்கும் நேரத்தில் அரை மணிக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் எழுந்து நிற்க அனுமதிக்கவும். இது சிகிச்சை." அப்பா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உங்கள் பிள்ளைக்கும் அப்படியொரு சீட்டு தேவைப்பட்டால் உங்கள் ஊர் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள், எழுதித் தருவார்.