50 மணி நேரத்தில் இயற்பியலுக்கு எத்தனை மணி?

சிபிஎஸ்இ பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி எடுத்தாக வேண்டும். ஓய்வறைப் பேச்சில் இதற்கு 'சிபிடி ஹவர்ஸ்' என்று பெயர், அதாவது தொடர் தொழில் மேம்பாட்டு நேரம். மார்ச் நெருங்கும்போதுதான் பலருக்கு இது ஞாபகம் வரும். கையில் இருக்கும் சான்றிதழ்களைக் கூட்டிப் பார்த்தால் இயற்பியல் என்ற சொல் ஒன்றில்கூட இருக்காது.

இந்த 50, தேசியக் கல்விக் கொள்கை 2020-இலிருந்து வந்தது. ஆசிரியர்கள் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும், அதுவும் அவரவர் ஆர்வத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்கிறது அது. எண்ணை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், ஆர்வம் என்ற வாலை விட்டுவிட்டார்கள். தமிழ்நாடு இந்தக் கொள்கையை ஏற்கவில்லை, 2025 ஆகஸ்டில் தனக்கென ஒரு மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. அதனால் அரசுப் பள்ளியில் இருக்கும் முதுகலை ஆசிரியருக்குக் கீழே வரும் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கான பயிற்சிகளை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பார்த்துக்கொள்கிறது.

சரி, சிபிஎஸ்இ கணக்கு என்ன? பாதி, அதாவது 25 மணி, வாரியமோ அரசுப் பயிற்சி நிறுவனங்களோ நடத்துபவை. மீதி 25 மணியைப் பள்ளிக்குள்ளேயே அல்லது சகோதயா எனப்படும் அக்கம்பக்கத்து சிபிஎஸ்இ பள்ளிகளின் கூட்டமைப்பில் முடிக்கலாம். பொருள்வாரியாகவும் ஒரு பிரிப்பு உண்டு: விழுமியங்களும் நெறிமுறைகளும் 12 மணி, அறிவும் கற்பித்தலும் 24 மணி, தொழில் வளர்ச்சி 14 மணி.

நம் பாடத்துக்கு இடம் அந்த 24-இல்தான். அதிலும் வகுப்பறை மேலாண்மை, மதிப்பீட்டு முறை என்று எல்லாப் பாடத்துக்கும் பொதுவான தலைப்புகள் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாடம் சார்ந்த ஒரு பட்டறை தருவதை அவை தராது.

நான் போன ஒரு பட்டறையில் ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாய்க்குள் வலுவான சிறு காந்தத்தைப் போட்டார்கள். அரை நொடிக்குள் கீழே விழுந்தது. அதையே அலுமினியக் குழாய்க்குள் போட்டதும் ஏதோ எண்ணெய்க்குள் இறங்குவதுபோல மெதுவாக வந்தது. காந்தம் நகரும்போது குழாயைச் சுற்றி வளையமாக ஓடும் சுழல் மின்னோட்டம், அது காந்தத்தின் நகர்வையே எதிர்க்கும் என்கிற லென்ஸ் விதி என்று உடனே எல்லோரும் சொல்லிவிட்டோம். அப்புறம் பயிற்றுநர் கேட்டார், "குழாயை மேலிருந்து கீழ்வரை நீளவாக்கில் கீறிவிட்டால்?" வளையம் அறுந்துவிடுகிறதே, காந்தம் தடையில்லாமல் விழும் என்றோம், அனுபவசாலிகள் உட்பட. கீறிய குழாயிலும் காந்தம் தயங்கித்தான் இறங்கியது, முன்பைவிடக் கொஞ்சம் வேகமாக, அவ்வளவுதான். முழுச் சுற்று போக முடியாத மின்னோட்டம் குழாயின் சுவரிலேயே சின்னச் சின்ன வளையங்களாகத் திரும்பிக்கொள்கிறது. பல வருடம் பாடமெடுத்தும் இதை யோசித்ததே இல்லை.

இப்படிப்பட்ட பட்டறைகளை நடத்துபவர்கள் இருக்கிறார்கள். மைசூருவில் என்சிஇஆர்டியின் மண்டலக் கல்வியியல் நிறுவனம் தென் மாநிலங்களுக்கானது. மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. 1984-இல் தொடங்கிய இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கத்தின் அன்வேஷிகா மையங்கள், இயற்பியல் பேராசிரியர் எச். சி. வர்மாவின் வழிகாட்டலில், கைக்கெட்டும் பொருள்களை வைத்துச் சோதனை செய்து காட்டுகின்றன.

ஒரு எச்சரிக்கை: சங்கங்கள் நடத்தும் பட்டறையின் நேரம் 50-இல் சேருமா, எந்தப் பாதியில் சேரும் என்பதைப் போவதற்கு முன்பே முதல்வரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். சான்றிதழில் தேதியும் மணிக்கணக்கும் இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள். பள்ளிக்குள் நடக்கும் 25 மணி நேரத்துக்கு ஆண்டுத் தொடக்கத்தில் திட்டம் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில், பக்கத்துப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்களையும் சேர்த்து ஆய்வகத்திலேயே ஒரு நாள் வைத்துக்கொள்கிறோம் என்று கேளுங்கள். ஜூனில் கேட்டால் கிடைக்கும்.