கருவிழிக்கும் மூச்சு முட்டும்: முதல் கான்டாக்ட் லென்ஸ் வாங்குமுன்

ஆப்டிகல் கடை மேசையில் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு, "எது வேணும்னு சொல்லுங்க சார்" என்றார் கடையில் இருந்த பெண். மூன்றிலும் பவர் மைனஸ் 3. மூன்றுமே விரலில் வைத்தால் வழுக்கும், ஊதினால் பறந்துவிடும் ஒரு மெல்லிய கிண்ணம்தான். விலை மட்டும் ஒன்றைவிட ஒன்று ஏறிக்கொண்டே போனது. மலிவானதை எடுத்தால் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, விலை கூடியதை எடுத்தால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்களோ என்று முழித்தபடி நின்றேன். அன்று யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பவரை முடித்துவிடுவோம், அதுதான் இதில் எளிது. மூக்குக் கண்ணாடியில் பவர் ஏற ஏற வில்லை தடிக்கும். மெல்லியதாக வேண்டுமென்றால் விலை ஏறும். கான்டாக்ட் லென்ஸில் அந்தக் கணக்கு கிடையாது. பெரும்பாலான லென்ஸ்களை இரண்டு பிளாஸ்டிக் அச்சுகளுக்கு நடுவே ஒரு துளி திரவத்தை விட்டு, ஒளியிலோ சூட்டிலோ இறுகவைத்து எடுக்கிறார்கள். இட்லித் தட்டின் குழி மாறினால் இட்லியின் உருவம் மாறுவதுபோல, அச்சின் வளைவு மாறினால் பவர் மாறும். அதனால்தான் ஒரே வகையில் மைனஸ் 1 பெட்டிக்கும் மைனஸ் 6 பெட்டிக்கும் பொதுவாக ஒரே விலை. சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததைச் சரிசெய்யும் பவர்) இருப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் கூடும். அந்த லென்ஸ் கண்ணில் சுற்றக் கூடாது. சுற்றாமல் நிற்பதற்காக அதன் தடிமனை இடத்துக்கு இடம் மாற்றிச் செய்கிறார்கள்.

ஆனால் கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரை அப்படியே சொல்லி லென்ஸ் வாங்கிவிட முடியாது. கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கண்மேலேயே உட்காருகிறது. இந்த இடைவெளி போனதும் கணக்கு மாறுகிறது. கண்ணாடியில் மைனஸ் 5 என்றால் லென்ஸில் மைனஸ் 4.75 போதும். மைனஸ் 8 என்றால் மைனஸ் 7.25 பக்கம் வரும். 4க்குக் கீழே வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

பவர் இவ்வளவு மலிவு என்றால் காசு எதற்குப் போகிறது? பெரும்பங்கு, காற்றுக்கு.

கருவிழியின்மேல் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் கவிந்திருக்கும் படலம் கார்னியா. நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டர்தான். அதில் ரத்தக்குழாய் ஒன்றுகூடக் கிடையாது, இருந்தால் அதன் வழியாகப் பார்க்க முடியாதே. உடம்பின் மற்ற இடங்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் ஆக்ஸிஜனைக் கார்னியா பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து, கண்ணீரில் கரைத்து எடுத்துக்கொள்கிறது. தூங்கும்போது இமைகளின் உட்பக்க ரத்தக்குழாய்கள் கொஞ்சம் கொடுக்கும். அது விழித்திருக்கும்போது கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஒவ்வொரு இரவும் லென்ஸ் இல்லாமலேயே கார்னியா சில விழுக்காடு வீங்கி, காலையில் கண் திறந்ததும் வடிந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட ஒன்றின்மேல் ஒரு மூடியைப் போட்டால்? காற்றுப் போதாத கார்னியா வீங்கும். மாலையில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். மாதக்கணக்கில் இப்படியே போனால், வெண்விழியிலிருந்து மெல்லிய ரத்தக்குழாய்கள் கார்னியாவுக்குள் ஊர ஆரம்பிக்கும்.

லென்ஸின் வரலாறு முழுவதும் இந்த மூச்சுமுட்டலோடு நடந்த மல்லுக்கட்டுதான். 1888இல் ஜெர்மானியரான அடால்ஃப் ஃபிக் கண்ணாடியில் செய்த லென்ஸ் வெண்விழியையும் சேர்த்து மூடியது. ஓரிரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 1948இல் அமெரிக்காவில் கெவின் டூஹி கார்னியாவை மட்டும் மறைக்கும் சிறிய கெட்டிப் பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்தார். அந்தப் பிளாஸ்டிக் காற்றே விடாது. ஆனால் இமைக்கும்போதெல்லாம் லென்ஸ் அசைந்து, அடியில் புதுக் கண்ணீர் புகுந்து, அதோடு கொஞ்சம் ஆக்ஸிஜனும் போய்ச் சேர்ந்தது. கண்ணில் மணல் விழுந்ததுபோன்ற உறுத்தலைப் பல நாள் பொறுத்துக்கொண்டவர்களுக்கே அது வசப்பட்டது.

மென்மையான லென்ஸின் கதை பிராகில் நடந்தது. செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, தண்ணீரை உறிஞ்சி ஊறும் ஒரு பிளாஸ்டிக்கைச் சகாக்களோடு உருவாக்கியிருந்தார். அதை லென்ஸாக வார்ப்பதுதான் வரவில்லை. அரசாங்கமும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் மெர்குர் இரும்புப் பொம்மைத் துண்டுகள், சைக்கிள் டைனமோ, அழைப்புமணியின் டிரான்ஸ்ஃபார்மர் இவற்றை வைத்து ஓர் இயந்திரம் பூட்டினார். சுழலும் அச்சில் திரவத்தை விட்டார். டம்ளர் காபியைக் கரண்டியால் வேகமாகச் சுற்றினால் நடுவில் குழி விழுமே, அதேபோல் திரவத்தின் மேற்பரப்பு தானாகவே வளைந்து இறுகியது. அந்த இயந்திரத்தில் முதலில் வந்தவை நான்கே லென்ஸ்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1971இல், அந்த வகை லென்ஸுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மென் லென்ஸ் சுகமாக இருப்பதற்குக் காரணம், அது கார்னியாவைத் தாண்டி வெண்விழிவரை விரிந்து படிந்துகொள்வது. அதனாலேயே ஒரு சிக்கலும் வந்தது: அவ்வளவாக அசையாததால் அடியில் புதுக் கண்ணீர் அதிகம் போகாது. காற்று லென்ஸின் ஊடாகவே வந்தாக வேண்டும். விக்டர்லேயின் பிளாஸ்டிக்கில் ஆக்ஸிஜன் போகும் ஒரே பாதை அதிலுள்ள தண்ணீர், அதுவோ 38 விழுக்காடுதான். சரி, தண்ணீரைக் கூட்டுவோம் என்று 55, 60 விழுக்காடு, அதற்கு மேலும் கூட்டினார்கள். காற்று கூடியது, ஆனால் தண்ணீரின் வழியே ஆக்ஸிஜன் கடக்கும் வேகத்துக்கே ஓர் உச்சவரம்பு உண்டு. மேலும், அதிகம் ஊறிய லென்ஸ் கிழியாமல் இருக்கத் தடிமனாகவும் இருக்க வேண்டும். தடித்தால் மறுபடி காற்று குறையும்.

இந்த முட்டுச்சந்திலிருந்து 1990களின் கடைசியில் வெளியே கொண்டுவந்தது சிலிக்கோன். ஆக்ஸிஜன் தண்ணீரைவிடச் சிலிக்கோனில் தாராளமாகக் கரைந்து கடக்கும். அதை ஹைட்ரோஜெல் எனப்படும் அந்த நீர் ஊறும் பிளாஸ்டிக்கோடு கலந்து செய்ததுதான் சிலிக்கோன் ஹைட்ரோஜெல். பழைய வகையில் தண்ணீர் கூடினால் காற்று கூடும். இதில் பொதுவாகத் தலைகீழ். பெட்டியில் "நீர் 38%" என்று பார்த்ததும் வறண்ட லென்ஸ் என்று ஒதுக்கிவிடக் கூடாது. எந்தப் பொருள் என்று தெரியாமல் நீர் அளவை மட்டும் பார்த்துப் பயனில்லை.

பார்க்க வேண்டிய எண் வேறு: டிகே/டி (Dk/t). தடிமனையும் கணக்கில் சேர்த்து, லென்ஸ் எவ்வளவு ஆக்ஸிஜனை விடுகிறது என்பதன் அளவு அது. பெட்டியில் இல்லாவிட்டாலும் கண் பரிசோதகரிடம் கேட்டால் சொல்லுவார். பகலில் மட்டும் போடும் லென்ஸுக்குச் சுமார் 24, போட்டபடி தூங்க 87 வேண்டும் என்று 1984இல் ஹோல்டன், மெர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் வகுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் வரம்பை இன்னும் உயர்த்தினார்கள். சாதா ஹைட்ரோஜெல் பெரும்பாலும் இருபதுகளிலோ அதற்குக் கீழோ நிற்கும். சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லில் நூறைத் தாண்டுவது சாதாரணம்.

அப்படியானால் விலை கூடிய பெட்டியே நல்லது என்று முடிக்கலாமா? முடியாது. சிலிக்கோனுக்குத் தண்ணீர் பிடிக்காது. மேல்பூச்சோ ஈரம் பிடிக்கும் பொருளோ சேர்த்துத்தான் அதைக் கண்ணீரோடு ஒட்டவைக்கிறார்கள். கண்ணீரிலுள்ள கொழுப்பு அதில் எளிதாகப் படியும். பழைய வகையைவிடப் பெரும்பாலும் கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கும். அதன் விளிம்பைச் சிலரது இமை உணர்ந்துகொண்டே இருக்கும். கல்யாணத்துக்கும் பந்தாட்டத்துக்கும் மட்டும் நாலைந்து மணி நேரம் போடுகிறவருக்கு, சாதா ஹைட்ரோஜெல்லில் செய்த, ஒரு நாள் போட்டுத் தூக்கி எறியும் தினசரி லென்ஸே சுகமாகவும் மலிவாகவும் அமையலாம். காலை எட்டு மணிக்குப் போட்டு இரவு எட்டு மணிக்குக் கழற்றும் ஐ.டி. ஊழியர் சிலிக்கோனில் காசைப் போடுவதுதான் புத்திசாலித்தனம். அதுவும் ஏசி அறையில், கம்ப்யூட்டர் முன்னால் என்றால் கண் இமைப்பதே பாதியாகக் குறைகிறது. லென்ஸ் காயத்தான் செய்யும்.

காசுக் கணக்கில் பலரும் தவறுவது மாத லென்ஸில். ஒரு பேச்சுக்கு, தினசரி லென்ஸ் ஜோடி 80 ரூபாய், மாத லென்ஸ் ஜோடி 400, அதைக் கழுவி ஊறவைக்கும் சொல்யூஷனும் டப்பாவும் மாதம் 200 என்று வைத்துக்கொள்வோம். (இவை கணக்குக்காக நான் வைத்த எண்கள், உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.) 600ஐ 80ஆல் வகுத்தால் ஏழரை. மாதத்தில் ஏழு நாளுக்குள் போடுகிறவருக்குத் தினசரி லென்ஸ் மலிவு. அதற்கு மேல் என்றால் மாத லென்ஸ். இதில் மறக்கக் கூடாதது, மாத லென்ஸின் ஆயுள் உறையைக் கிழித்த நாளிலிருந்து ஓடுகிறது. "நான் பத்து நாள்தானே போட்டேன், மூன்று மாதம் வரும்" என்ற சிக்கனம் செல்லாது. குப்பியில் வரும் வருட லென்ஸ் மேல்பார்வைக்கு எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் கண்ணீரின் புரதம் மாதா மாதம் அதில் படிந்துகொண்டே போகும். கைப்பழக்கம் வராத ஒருவர் அதை வருடம் முழுக்கச் சுத்தமாக வைத்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

சுகத்தைத் தீர்மானிக்கும் இன்னொன்று அளவு. பெட்டியில் பவருக்குப் பக்கத்தில் 8.6, 14.2 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது உட்பக்க வளைவு, இரண்டாவது விட்டம். செருப்புக்குச் சைஸ் மாதிரி. சிக்கல் என்னவென்றால், இறுக்கமான செருப்பு கடைவாசலிலேயே கடிக்கும். இறுக்கமான லென்ஸ் முதலில் கடிக்காது. அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பதால் இமைக்குத் தெரிவதே இல்லை, "அடடா, போட்ட மாதிரியே இல்லை" என்று தோன்றும். மாலையில்தான் கண் சிவந்து, வெண்விழியில் வளையமாக அச்சு விழுந்திருக்கும். இமைக்கும்போது லென்ஸ் இத்தனூண்டு அசைய வேண்டும், அதைப் பரிசோதகர் கருவியில் பார்த்துச் சொல்ல வேண்டும். பவர் இல்லாத கலர் லென்ஸுக்கும் இதே விதிதான். அழகு சாமான் கடையில் அளவு பார்க்காமல் வாங்கிப் போடுவது எனக்குக் கிலி தரும் விஷயம்.

போடக் கற்கும் முதல் வாரத்துக்குச் சில வார்த்தைகள். லென்ஸை விரல்நுனியில் நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். ஆப்பச்சட்டிபோல் விளிம்பு மேல்நோக்கி நின்றால் சரி. சாப்பாட்டுத் தட்டின் விளிம்புபோல் வெளியே மடிந்தால் உள்வெளி மாறியிருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் போய்விடும் என்ற பயம் வேண்டாம். இமையின் உட்தோல் மடிந்து வெண்விழியோடு சேர்ந்துவிடுவதால் பின்னால் போக வழியே இல்லை. கண்மை தீட்டுகிறவர்கள் லென்ஸைப் போட்ட பிறகு தீட்டுங்கள். பச்சை மிளகாய் நறுக்கப்போகும் அன்று மட்டும் சமையல்கட்டுக்குப் போகுமுன்பே லென்ஸைக் கழற்றிவிடுங்கள். சோப்பு போட்டுக் கழுவினாலும் விரலில் காரம் நிற்கும் என்பதை நான் கண்ணாலேயே கற்றேன்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஒன்று தண்ணீர். குழாய்த் தண்ணீர், கிணற்று நீர், கேன் தண்ணீர் எதுவும் லென்ஸில் படக் கூடாது. குளிக்கும்போதும் நீந்தும்போதும் கழற்றிவிட வேண்டும். தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் இடையில் மாட்டிக்கொண்டால் உள்ளே அரித்துக்கொண்டு போகும். மருத்துவம் மாதக்கணக்கில் இழுக்கும், பார்வையே போகக்கூடும். டப்பாவில் நேற்றைய சொல்யூஷனோடு புதியதைக் கலக்காமல் கொட்டிவிட்டு நிரப்புவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இன்னொன்று தூக்கம். சிலிக்கோன் வந்தபோது, காற்றுதான் தாராளமாகப் போகிறதே, இனி போட்டபடி தூங்கினாலும் கிருமித்தொற்று குறைந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். கார்னியா வீக்கம் குறைந்தது. தொற்று எதிர்பார்த்தபடி குறையவில்லை. மூடிய இமைக்கடியில் கண்ணீர் ஓடுவதில்லை, இமைப்பு இல்லை, கிருமியை அடித்துக்கொண்டு போக ஆளில்லை. காற்றை விலை கொடுத்து வாங்க முடிந்தது; அந்தக் கழுவலை லென்ஸுக்குள் வைத்து விற்க இன்னும் யாராலும் முடியவில்லை.

கடைசியில் அன்று மூன்று பெட்டியில் எதையும் நான் வாங்கவில்லை. அந்தப் பெண்ணே ஒரு டிரையல் ஜோடியைப் போட்டுவிட்டு, "வெயில்ல, டிராஃபிக்ல எல்லாம் சுத்திட்டு சாயங்காலம் வாங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று அனுப்பினார். ஆறு மணிக்குத் திரும்பிப் போனபோது இடது கண் சிவந்திருந்தது. வளைவு அளவை மாற்றி இன்னொரு ஜோடி கொடுத்தார். நான் இன்றும் வாங்குவது அந்த அளவைத்தான். மூன்றில் நடுவிலுள்ள விலை.