டெய்லிங்ஸ் அணைக்கு எவ்ளோ தண்ணி அனுப்புறோம்?

காப்பர்னு சொன்னாலே நம்ம ஊர்ல எல்லாருக்கும் தூத்துக்குடிதான் ஞாபகம் வரும். ஆனா அது உருக்காலை, 2018ல மூடுற வரைக்கும் கப்பல்ல வந்த கான்சன்ட்ரேட்டை, அதாவது பாறையில இருந்து பிரிச்செடுத்த காப்பர் செறிவான பொடிய, உருக்கிட்டிருந்த இடம். அந்த கான்சன்ட்ரேட் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி வேற ஏதோ ஒரு நாட்டுல பாறைய மாவா அரைச்சு, ஒரு சதவீதம் காப்பர் இருக்கிற பாறைன்னா 100 டன்னுல ஒரு 3 டன்ன மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சம் 97 டன்னையும் தண்ணியோட சேத்து அங்கேயே விட்டுட்டு வந்திருப்பாங்க. அந்த மிச்சத்துக்குப் பேருதான் டெய்லிங்ஸ், அத தேக்கி வைக்கிறதுதான் டெய்லிங்ஸ் அணை. நான் ஆப்பிரிக்காவுல ஜாம்பியாவோட காப்பர் சுரங்கப் பகுதியான காப்பர்பெல்ட்ல பிராசஸ் இன்ஜினியரா இருக்கேன், என் வேலையில பாதி இந்தச் சேத்தோடதான்.

இங்க முஃபுலிரான்னு ஒரு சுரங்கம் இருக்கு. 1970 செப்டம்பர் 25, நைட் ஷிஃப்ட். சுரங்கத்துக்கு மேல தரையில டெய்லிங்ஸ் கொட்டி வச்சிருந்தாங்க, அடியில தாது எடுத்து எடுத்து தரை உள்வாங்கின இடம் அது. ஈரமா இருந்த அந்த மண்ணு ராத்திரியில அப்படியே கீழ சுரங்கத்துக்குள்ள பாஞ்சிருச்சு, 89 பேர் செத்துப்போனாங்க. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1965 மார்ச் 28, சிலியில எல் கோப்ரேன்னு ஒரு ஊர், பூகம்பத்துல டெய்லிங்ஸ் அணை உடைஞ்சு இருநூறு பேருக்கு மேல புதைஞ்சாங்க. இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்காதீங்க, 2025 பிப்ரவரி 18 அன்னிக்கு இதே காப்பர்பெல்ட்ல சாம்பிஷி பக்கத்துல ஒரு அணை உடைஞ்சு ஆசிட் கலந்த கழிவு கஃபூவே ஆத்துல கலந்துச்சு, சுமார் 5 கோடி லிட்டர்னு அப்போ சொன்னாங்க. மீன் செத்து மிதந்துச்சு, கிட்வே நகரத்துக்கே குடிதண்ணிய நிறுத்தினாங்க, ஆத்துல சுண்ணாம்பு கொட்டி ஆசிட்ட முறிக்கப் பார்த்தாங்க.

ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற வேற, ஆனா எல்லாத்துலயும் தண்ணி இருக்கு. கடற்கரையில அலை தொடுற இடத்துல நின்னு காலை நாலு தடவ அசைச்சுப் பாருங்க, கெட்டியா இருந்த மண்ணு கூழாகி கால் உள்ள போகும். நனைஞ்சு தளர்வா கிடக்குற டெய்லிங்ஸும் ஒரு அதிர்ச்சி வந்தா அப்படித்தான் ஆகும். நல்லா காய்ஞ்சு இறுகின மண்ணு அவ்ளோ சுலபத்துல ஓடாது, சரிஞ்சாலும் பக்கத்துலயே நின்னுடும்.

இப்போ கணக்கப் பாருங்க. ஸ்லரியில, அதாவது மண்ணும் தண்ணியும் கலந்த கூழுல, 30 சதவீதம் மண்ணுன்னா ஒவ்வொரு டன் மண்ணோடயும் 2.3 டன் தண்ணி அணைக்குப் போகுது. திக்கனர்ல 55 சதவீதம் வரைக்கும் கொண்டுவந்தா 0.8 டன். 65 தாண்டி பேஸ்ட் மாதிரி ஆக்கினா அரை டன். ஃபில்டர் பிரஸ்ல துணி வழியா அழுத்திப் பிழிஞ்சு 85 ஆக்கினா 0.18 டன்தான். முதல்ல இருந்ததுல பன்னிரண்டுல ஒரு பங்குகூட இல்ல!

திக்கனர்னா பெரிய வட்டத் தொட்டி, உள்ள அடியில படியிற மண்ண வழிச்சுத் தள்ளுற ரேக் மெதுவா சுத்திக்கிட்டே இருக்கும். கலங்கின தண்ணி தெளிய நம்ம பாட்டிங்க பானையில தேத்தாங்கொட்டைய உரசி விடுவாங்கல்ல, அந்த வேலையத்தான் இங்க ஃப்ளாக்குலன்ட் செய்யுது, பொடி மண்ணையெல்லாம் கொத்துக் கொத்தா சேத்து அடியில இறக்கும். மேல தெளிஞ்ச தண்ணி திரும்ப பாறை அரைக்கிற மில்லுக்குப் போகும், கெட்டியானது அடியில இருந்து பம்புல போகும், அதுதான் அண்டர்ஃப்ளோ. எழுதுறப்போ சுலபமா இருக்கு, ஆனா களிமண் ஜாஸ்தியா இருக்கிற தாது வந்தா எவ்ளோ ஃப்ளாக்குலன்ட் போட்டாலும் இறங்காது, இறங்கினா ரேக்ல டார்க், அதாவது அத சுத்தத் தேவைப்படுற விசை, ஏறிக்கிட்டே போகும், ரேக் சிக்கிட்டா பிளான்டே நின்னுடும்.

நான் முன்னாடி இருந்த ஒரு பிளான்ட்ல அந்த பயத்துலயே ராத்திரி ஷிஃப்ட்ல என்ன பண்ணுவோம்னா, டார்க் கொஞ்சம் ஏறினதும் பம்ப் ஸ்பீட ஏத்தி தண்ணியாவே அணைக்குத் தள்ளிவிட்டுருவோம், காலையில ரிப்போர்ட்ல டன்னேஜ் சரியா இருக்கும், ரெகவரி, அதாவது தாதுல இருந்த காப்பர்ல எவ்ளோ பங்கு எடுத்தோம்ங்கிறது, சரியா இருக்கும், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. 55 சதவீதம் மண்ணோட வரவேண்டிய அண்டர்ஃப்ளோ 42ல போயிருக்கும். வருஷக்கணக்கா இது நடந்துச்சு, அணைக்குள்ள தேங்கின தண்ணிக் குளம் பெருசாகிக்கிட்டே சுவர் பக்கம் வந்துச்சு. நானும் அதுல கையெழுத்து போட்டவன்தான்னு நினைக்கிறப்போ இன்னிக்கும் மனசு உறுத்துது. ஆபரேட்டரக் குத்தம் சொல்றதுல அர்த்தமே இல்ல, ரேக் நின்னா அவரத்தான் கேப்பாங்க, அணைக்குத் தண்ணி கூடினா யாரும் கேக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும்.

கனடாவுல மவுன்ட் பாலி காப்பர் தங்கச் சுரங்கத்துல 2014 ஆகஸ்ட் 4 அன்னிக்கு அணை உடைஞ்சு சுமார் 2.5 கோடி கன மீட்டர் தண்ணியும் மண்ணும் க்வெஸ்னெல் ஏரிப்பக்கம் போச்சு. அணைக்கு அடியில இருந்த பலவீனமான களிமண் படிவத்த யாரும் சரியா கணக்குல எடுக்கல. விசாரிச்ச நிபுணர் குழு 2015ல சொன்னது எனக்கு மனப்பாடம்: அணைக்குள்ள மேல தண்ணி நிக்கவிடாதே, மண்ண ஈரம் வடிஞ்ச நிலையில வை, அழுத்தி இறுக்கு. ஃபில்டர் பண்ணி அடுக்குறதுதான் இதுக்கு நேரான வழி. ஃபில்டர்ல பிழிஞ்சு வர்ற கட்டி மண்ணு, அதாவது கேக், எந்தப் பதத்துல இருக்கணும்னு புதுசா வர்ற பசங்களுக்கு நான் புட்டு மாவத்தான் சொல்வேன், கையில பிடிச்சா பிடியா நிக்கணும், உதிர்த்தா உதிரணும், அந்தப் பதத்துல ரோலர் ஓட்டினாதான் இறுகும்.

செலவு அதிகம், ஆமா. ஃபில்டர் துணி அடைச்சுக்கும், கரண்ட் இழுக்கும், இங்க மாதிரி மழை பெய்யிற ஊர்ல அடுக்கி வச்சது திரும்ப நனையும், அதனால மழையே அரிதான சிலியோட அட்டகாமா பாலைவனத்துல சரியா வர்றது இங்க அப்படியே வராது. நம்மகிட்ட ஃபில்டர் இல்லன்னாலும் இருக்கிற திக்கனர ஒழுங்கா ஓட்டினாலே எவ்ளோ தண்ணி குறையும்னு மேல இருக்கிற கணக்கே சொல்லுது.

இப்போ எங்க ஷிஃப்ட் போர்டுல டன்னேஜுக்குப் பக்கத்துலயே அன்னிக்கு அணைக்குப் போன தண்ணி எத்தனை கன மீட்டர்னு எழுதுறோம், அண்டர்ஃப்ளோ 50க்குக் கீழ போனா எதுக்குப் போச்சுன்னு ஒரு வரி எழுதணும், மில்ல மெதுவாக்குற அதிகாரம் ஆபரேட்டர் கையில இருக்கு. நவம்பர்ல மழை ஆரம்பிக்கும், அதுக்குள்ள குளத்த சுவர்ல இருந்து எவ்ளோ தூரம் தள்ளமுடியுமோ தள்ளிடணும்.