"மகசூல் ஜீன்" என்று சொல்லி விற்கும் தக்காளி விதை

விதைக் கடைகளில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது: "இது ஜீன் மேப்பிங் பண்ணின ரகம், மகசூல் அள்ளும்." தக்காளி ரகம் உருவாக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பும் வரும், கவலையும் வரும். மேப்பிங், அதாவது எந்த ஜீன் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போடுவது, உண்மைதான். மகசூலுக்கென்று தனியாக ஒரு ஜீன் என்பதுதான் இடிக்கிறது.

பலருக்கும் உள்ள ஒரு பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். மார்க்கர், அதாவது வேண்டிய ஜீனோடு சேர்ந்தே வரும் டிஎன்ஏ அடையாளம், பார்த்துத் தேர்ந்தெடுத்த ரகம் மரபணு மாற்றுப் பயிர் அல்ல. மகரந்தம் எடுத்து ஒட்டுச் சேர்க்கும் பழைய வேலையேதான். வேண்டிய ஜீன் எந்த நாற்றில் வந்திருக்கிறது என்பதைக் காய்க்கும்வரை காத்திராமல், இலைத்துணுக்கைக் கிள்ளி டிஎன்ஏ பார்த்துச் சொல்லிவிடுகிறோம், அவ்வளவுதான்.

வரைபடம் போடுவதும் பெரிய மந்திரமில்லை. குணத்தில் வெகுவாக வேறுபடும் இரண்டு செடிகளை ஒட்டுச் சேர்த்து, அடுத்த தலைமுறையில் நூற்றுக்கணக்கான செடிகள் வளர்க்கிறோம். ஒவ்வொன்றின் காயையும் எடை போடுகிறோம். தக்காளியின் 12 குரோமோசோம்களில் எந்த இடத்து மார்க்கர் எடையோடு சேர்ந்தே வருகிறது என்று கணக்குப் பார்க்கிறோம். 1988-இல் தக்காளியில்தான் இதை முழு வரைபடமாகச் செய்து காட்டினார்கள்.

அந்த வழியில் வந்த பெரிய கண்டுபிடிப்பு, காய் அளவை மாற்றும் எஃப்டபிள்யூ2.2 என்ற ஜீன். இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டாங்க்ஸ்லியின் குழு 2000-இல் இந்த ஜீனைப் பிரித்தெடுத்தது. காட்டுத் தக்காளிக்கும் நாம் பயிரிடும் தக்காளிக்கும் உள்ள காய் அளவு வித்தியாசத்தில் 30 சதவீதம் வரை இந்த ஒரே இடத்தால் வருகிறது. அப்படியென்றால் இது மகசூல் ஜீன்தானே என்று தோன்றும். இந்த ஓரிடத்தில் மட்டும் வேறுபடும் செடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். பெரிய காய் காய்த்த செடியில் எண்ணிக்கை குறைவு, சிறிய காய் காய்த்ததில் அதிகம். தராசில் மொத்த எடை ஏறக்குறைய ஒன்றுதான்! செடி தயாரிக்கும் சர்க்கரை அதே அளவுதான். அதை நாலு காய்க்குக் கொடுப்பதா எட்டுக்குக் கொடுப்பதா என்பதை மட்டும் இந்த ஜீன் மாற்றுகிறது. பெரிய காய்க்கு மார்க்கெட்டில் கூடுதல் விலை கிடைக்கலாம், அது வேறு கணக்கு.

இன்னொரு சிக்கல் வயலில் வரும். தாய், தந்தை இரண்டில் ஒன்றுக்கு மட்டும் டிஒய்-1 என்ற இலைச்சுருட்டு நோய் எதிர்ப்பு ஜீன் இருக்கிறது என்று வையுங்கள். கோடையில் இந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈ ஏறி, எதிர்ப்பில்லாத செடிகளெல்லாம் குருத்து சுருண்டு மஞ்சளடித்துப் பூவைக் கொட்டிவிடும். எடைக் கணக்கைக் கணினியில் போட்டால் ஆறாவது குரோமோசோமில் கோபுரம் மாதிரி ஒரு உச்சம் எழும். "மகசூல் இடம் கிடைத்துவிட்டது" என்று எழுதத் தோன்றும். அதே செடிக்கூட்டத்தை வலைக்குடிலில் நோயில்லாமல் வளர்த்தால் உச்சம் காணாமல் போய்விடும். வரைபடத்தில் விழுந்தது நோய்தான், மகசூல் இல்லை.

நம்மூர் விவசாயிக்கு மேப்பிங்கால் வந்த பெரிய லாபமும் இந்த எதிர்ப்பு ஜீன்களில்தான் என்பது என் கருத்து. டிஒய்-1 சொலானம் சிலென்ஸ் என்ற காட்டினத்திலிருந்து வந்தது. பதினொன்றாவது குரோமோசோமில் உள்ள டிஒய்-2 வேறொரு காட்டினத்துடையது. இந்தியாவில் உருவான எச்24 என்ற தக்காளி வகையில் அது அடையாளம் காணப்பட்டது.

மகசூலை நேரடியாகவே தூக்கிய ஒற்றை ஜீனும் இல்லாமலில்லை. ஒவ்வொரு ஜீனும் செடியில் இரண்டு பிரதியாக இருக்கும். பூப்பதைத் தூண்டும் எஸ்எஃப்டி ஜீனில் ஒரு பிரதி பழுது, ஒரு பிரதி நல்லது என்றிருக்கும் கலப்புச் செடிகள் 60 சதவீதம் வரை கூடுதலாகக் காய்த்ததை விஞ்ஞானிகள் டானி ஜமீர், சக்கரி லிப்மன் குழுவினர் 2010-இல் காட்டினார்கள். ஆனால் அந்தக் கூடுதல் காய்ப்பு குறிப்பிட்ட உயரத்தோடு வளர்ச்சி நின்றுவிடும் செடி வகையில் கிடைத்தது. கொடியாக ஏறிக்கொண்டே போகும் ரகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம், அந்தக் காயிலிருந்து விதை எடுத்து விதைத்தால் பாதிச் செடிதான் அப்படி இருக்கும். கால்வாசிச் செடிகளில் இரண்டு பிரதியும் பழுதாகி, பூங்கொத்துக்குப் பதில் ஒற்றைப் பூவும் இலையுமாக நிற்கும்.

ஆகவே கடைக்காரரிடம் கேளுங்கள்: மேப்பிங் எந்தக் குணத்துக்கு? காய் எடைக்கா, கொத்துக்கு எத்தனை காய் என்பதற்கா, நோய்க்கா? எந்தப் பருவத்தில் பார்த்தார்கள்? பதில் வரவில்லையென்றால், வழக்கமாகப் போடும் ரகத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாத்தி மட்டும் போட்டுப் பாருங்கள். ஓரத்து வரிசையை எடையில் சேர்க்காதீர்கள், அங்கே வெளிச்சமும் தண்ணீரும் கூடுதல். கடைசிப் பறிப்பு வரை தனித்தனியாக எடை போட்டு எழுதிவையுங்கள். முதல் இரண்டு பறிப்போடு நிறுத்தினால் முந்திக் காய்க்கும் ரகம்தான் எப்போதும் ஜெயிக்கும்.