ஓடும், ஆனால் கொப்பி ஆகாது

மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிற என் கடைக்கு, மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர் ஓர் அண்ணாவியார் வந்தார். பழைய சாரத்துண்டில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த பொதியை மேசையில் வைத்து அவிழ்த்தார். ஏழு சீடிகள். அவர் பழக்கி, ஊர்க் களரியில் விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்து. 2003இல் எடுத்த வீடியோ.

“பேரன் லப்டொப்பில போட்டுப் பாத்தான் மனே. ஒண்டும் வருதில்லையாம், எல்லாம் பழுதாப் போச்சாம். நீ ஒருக்காப் பாரு.”

ஏழில் ஆறு நல்லாகவே இருந்தன. பேரனுக்குத் தெரியாதது ஒன்றுதான்: அவை டிவிடியும் இல்லை, சாதாரண சீடியும் இல்லை. விசிடி, அதாவது வீடியோ சீடி.

எங்கள் பக்கத்தில் 2000களில் நடந்த கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா எல்லாம் பெரும்பாலும் இந்தத் தட்டில்தான் கிடக்கின்றன. வீட்டில் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் ‘சீடி’ என்றே சொல்வோம். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

விசிடி 1993இல் வந்தது. பிலிப்ஸ், சோனி, ஜேவிசி, மட்சுஷிட்டா என்ற நான்கு கம்பனிகளும் சேர்ந்து வகுத்த முறை. பாட்டுச் சீடி என்ன வேகத்தில் சுற்றுமோ அதே வேகத்தில் படத்தையும் ஓட்டவேண்டும் என்பது அவர்களது கணக்கு. அதனால் 74 நிமிடப் பாட்டுப் பிடிக்கிற தட்டில் 74 நிமிடப் படமும் பிடிக்கும். ஒரு சினிமாப் படம் இரண்டு மூன்று தட்டாக வந்ததும், சண்டை உச்சத்தில் நிற்கும்போது யாராவது எழும்பிப் போய்த் தட்டை மாற்றியதும் இதனால்தான். எட்டு மணி நேரக் கூத்துக்கு ஏழு தட்டு. வீடியோக்காரர் தாளக்கட்டின் நடுவிலேயே வெட்டி அடுத்த தட்டுக்குப் போயிருந்தார். அண்ணாவியாருக்கு இருபது வருடமாக அந்தக் கோபம் ஆறவில்லை.

இனி வீட்டில் ஓட்டுவது எப்படி என்று பார்ப்போம். பழைய டிவிடி பிளேயர் இருந்தால் வேலை சுலபம், பெரும்பாலானவை விசிடியை எடுக்கும். முதல் பக்கத்திலேயே நின்றுகொண்டு நகராவிட்டால் ரிமோட்டில் ‘பிபிசி’ (PBC) என்றொரு பட்டன் இருக்கும். வானொலி இல்லை, விசிடியின் மெனுவை இயக்குகிற பட்டன் அது. அதை ஓஃப் பண்ணினால் நேரே படத்துக்குப் போகும்.

கணினியில் என்றால் விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளைத் திறந்து, மீடியா மெனுவில் ஓபன் டிஸ்க், அதில் விசிடி என்பதைத் தெரிவு செய்யுங்கள். பேரன் டிவிடி என்றே விட்டிருக்கிறான். அதுதான் ஒன்றும் வரவில்லை. இன்னொரு வழியும் உண்டு. தட்டைத் திறந்தால் நாலைந்து போல்டர் தெரியும். எம்பெக்-ஏவி (MPEGAV) என்று பெயருள்ளதற்குள் ‘டாட்’ (.DAT) என்று முடிகிற பெரிய ஃபைல்தான் படம். அதை இழுத்து விஎல்சியில் போட்டால் ஓடும்.

லப்டொப்பில் டிரைவ் இல்லாதவர்கள் யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்குகிறார்கள், நல்லது. ஆனால் அதை நீளமான வயரிலோ ஹப்பிலோ கொழுவ வேண்டாம். கரண்ட் போதாமல் ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டிருக்கும். குற்றம் தட்டின் தலையில் விழும். இன்னுமொன்று: டிவிடியை வாசிக்கும் லேசர் 650 நனோமீற்றர், சீடிக்கு உரியது 780. ஒரே டிரைவுக்குள் இரண்டு விதமான ஒளி. சீடிப் பக்கம் மட்டும் தளர்ந்துபோன டிரைவுகளை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். “டிவிடி நல்லா ஓடுது, இந்தச் சீடிதான் பழுது” என்று தீர்ப்புச் சொல்ல முதல் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள்.

ஆட்கள் அதிகம் முறைப்படுகிற இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. படம் ஓடும். ஆனால் அந்த டாட் ஃபைலைக் கணினிக்குக் கொப்பி பண்ணப் போனால் பாதியில் எரர் அடித்து நின்றுவிடும். ‘ஓடுற தட்டு எப்படிப் பழுதாகும்?’ என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே.

சீடியில் தகவல் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பதிவாகும். ஒரு கட்டத்துக்கு 2,352 பைட். சாதாரண டேட்டா சீடியில் அதில் 2,048 மட்டுமே உங்கள் பொருள். மீதியில் பெரும்பகுதி கீறல் விழுந்தால் திருத்திக்கொள்வதற்கான பின்காப்பு. விசிடியில் நேரத்தைக் கூட்ட வேண்டுமென்று அந்தப் பின்காப்பை எடுத்துவிட்டு, 2,324 பைட் வரை படத்தையே நிரப்பினார்கள். அடியில் பாட்டுச் சீடிக்கு உள்ள ஒரு திருத்தம் மட்டும் மிஞ்சியிருக்கும். அதனால் சின்னக் கீறலும் இங்கே தாக்கும். பிளேயர் கண்ணை மூடிக்கொண்டு பழுதான கட்டத்தைத் தாண்டிவிடும், நமக்கு ஒரு சிதறல் மட்டும் தெரியும். கணினி அப்படி விடாது. வாசிக்க முடியாத ஒரு கட்டம் வந்தாலே முழுக் கொப்பியையும் நிறுத்திவிடும்.

இதற்கென்றே உள்ள மென்பொருள்கள் உண்டு. நான் ஐசோபஸ்டர் பாவிக்கிறேன். அது வாசிக்க முடியாத கட்டங்களை விட்டு விட்டு எடுக்கும். படக் கட்டங்களை மட்டும் பிரித்து எம்பெக் என்ற வீடியோ ஃபைலாகவும் தரும். லினக்ஸ்காரர்களுக்கு விசிடிஇமேஜர் இருக்கிறது. எடுத்த எம்பெக்கை அப்படியே ஓரிடத்தில் வைத்துவிட்டு, ஃபோனுக்கு எம்பி4 வேறாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய கையோடு மூலத்தை அழிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு ஏச்சுத்தான் வரும்.

துடைப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். கடற்காற்றும் வாவிக் காற்றும் மாரி ஈரமும் சேர்ந்து நம் பக்கத்தில் தட்டுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். மேற்பரப்பில் மட்டும் பிடித்த பூஞ்சணத்துக்குப் பயப்படத் தேவையில்லை. ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு, தண்ணீர், பழைய பருத்தித் துணி போதும். நடு ஓட்டையிலிருந்து வெளி விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழுகிற கீறல் பதிவின் வழியோடு போய் நிறையக் கட்டங்களைத் தின்றுவிடும். தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எதுவும் கிட்ட வரக்கூடாது, பிளாஸ்டிக் வெந்துபோகும்.

கீழ்ப் பக்கக் கீறலுக்குத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். உண்மையில் சீடியின் உயிர் மேல் பக்கத்தில், பெயர் எழுதுகிற பக்கத்தில் இருக்கிறது. தட்டு 1.2 மில்லிமீற்றர் தடிப்பு. பதிவும் வெள்ளிப் பூச்சும் மேலே, மெல்லிய ஒரு வார்னிஷுக்குக் கீழே ஒட்டிக்கிடக்கும். கீழ்க் கீறலை மினுக்கியாவது பார்க்கலாம். மேலே உரிந்தால் உரிந்ததுதான்.

அண்ணாவியாரின் நாலாம் தட்டுக்கு நடந்தது அதுதான். வீடியோக்காரர் மேலே ஒட்டியிருந்த கடதாசி லேபல் ஈரத்தில் சுருண்டிருக்கிறது. வீட்டில் யாரோ வடிவில்லை என்று இழுத்து உரித்திருக்கிறார்கள். ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். விளிம்போரமாக, பெருவிரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அந்த இடத்தில் வெள்ளியே இல்லை, லேபலோடு போய்விட்டது.

நல்ல காலம், சீடியின் பதிவு உள்ளிருந்து வெளியே போகும். விளிம்பில் உள்ளது படத்தின் கடைசி. 58 நிமிடம் சுத்தமாக வந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பச்சைக் கட்டங்களும் ‘சர்ர்’ சத்தமும். அவரிடம் சொல்லத் தயங்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எந்த இடத்தில் அறுந்தது என்று மட்டும் கேட்டார். போட்டுக் காட்டினேன். அறுந்த அடியிலிருந்து மெல்லப் பாடத் தொடங்கினார். “அது எனக்குப் பாடம் மனே. பொடியனுகளுக்கு ஆட்டந்தான் தேவை. மத்த ஆறையும் தா.”

‘ஹெச்டி ஆக்கித் தரலாமா’ என்று கேட்கிறவர்களுக்கு: விசிடியின் படம் 352க்கு 288 புள்ளி. இன்றைய ஃபுல் ஹெச்டியில் அதைப்போல் இருபது மடங்கு புள்ளி. இல்லாத முகத்தை எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க முடியாது, கற்பனைதான் பண்ணும். மணமக்களுக்கு அறுகரிசி போடும்போதும், கூத்தர் சுழன்று ஆடும்போதும் படம் சதுரம் சதுரமாக உடைவதும் தட்டின் பழுதல்ல. வேகமாக அசைகிற காட்சிக்கு அந்த எம்பெக்-1 முறையில் இடம் போதவில்லை, பிறந்ததே அப்படித்தான். பழுதென்றால் படம் உறையும், சத்தம் கீச்சிடும்.

எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அண்ணாவியார் கோல் எடுத்தார்.

“எல்லாம் வடிவா வருது மனே. ஆனா ராசாவும் மந்திரியும் ஏன் இப்பிடிக் கொழுத்துப் போய் நிக்கிறாங்க? அந்த நாளையில நாங்க எல்லாரும் ஒல்லி.”

புது டிவி அகலம், பழைய படம் 4:3. இழுத்துக் காட்டுகிறது. ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றுகிற பட்டனை அமத்தச் சொன்னேன். பேரனிடம் கொடுக்காமல் தானே அமத்தினார். மூன்றாம் அமத்தலில் ராசா மெலிந்தார்.